ஒலியை ஒளியாக்கும் கைபேசி: செவித்திறன் குறைந்தோர் செய்ய வேண்டிய அமைப்புகள் என்ன? அவை எங்கே போதாமல் போகின்றன?

காஞ்சிரங்குளம் (திருவனந்தபுரம்): கடல் சீற்றம் குறித்த எச்சரிக்கை ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டாலும், சைரனாக முழங்கினாலும், கைபேசியின் மணியாக ஒலித்தாலும், செவித்திறன் குறைந்த ஒருவருக்கு அது வந்து சேர்ந்ததாகாது. அந்த ஒலியை ஒளியாக மாற்றித் தரும் வசதி, இன்று விற்பனையாகும் பெரும்பாலான திறன்பேசிகளில் கட்டணம் ஏதுமின்றி இடம்பெற்றுள்ளது. எனினும், கைபேசி வாங்கும்போது அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. தேடிச் சென்று இயக்குவோருக்கு மட்டுமே அது பயன்படும்.

அழைப்பு வரும்போதும், குறுஞ்செய்தி வரும்போதும், அலாரம் அடிக்கும்போதும் கேமராவின் விளக்கோ திரையோ மின்னி மின்னி அணையும் இந்த ஏற்பாட்டை ஐந்து நிமிடங்களில் செய்துவிடலாம். பகல் நேரத்து அழைப்புகளுக்கு அது போதுமானது. ஆனால், இரவில் வரும் இயற்கைச் சீற்ற எச்சரிக்கைக்கு அதை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்தானது. இவ்வசதியை இயக்குவது எப்படி, அதன் எல்லை எது, அந்த எல்லைக்கு அப்பால் குடும்பமும் அக்கம்பக்கத்தாரும் நிர்வாகமும் செய்ய வேண்டியது என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எல்லைக் கிராமங்களுக்கு இது ஏன் முக்கியம்?

திருவனந்தபுரம் மாவட்டம், நெய்யாற்றின்கரை வட்டத்தில் அமைந்துள்ளது காஞ்சிரங்குளம். அதை ஒட்டிய கருங்குளம், புல்லுவிளை, புதியதுறை, பூவாறு ஆகிய பகுதிகள் அரபிக்கடலோரத்தில் உள்ளன. தெற்கே பொழியூரும், கிழக்கே பாறசாலையும், அதனைக் கடந்தால் தமிழ்நாட்டின் களியக்காவிளையும் வருகின்றன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலங்கள் உருவானபோது விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய வட்டங்கள் தமிழ்நாட்டுடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மாநில எல்லை இரண்டாகப் பிரித்தாலும், இக்கரையைத் தாக்கும் கடல் ஒன்றுதான்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 29, 30 ஆகிய தேதிகளில் ஒக்கி புயல் குமரி மாவட்டத்தையும் திருவனந்தபுரம் கரையையும் கடந்து சென்றபோது, இரு மாநில மீனவர்களும் உயிரிழந்தனர். எச்சரிக்கை உரியவர்களிடம் உரிய நேரத்தில் சென்று சேர்ந்ததா என்ற கேள்வி அப்போது வலுவாக எழுந்தது.

புயலாவது மேகத்தையும் காற்றையும் முன்னே அனுப்புகிறது. இக்கரையினர் 'கள்ளக்கடல்' என்று அழைக்கும் சீற்றம் அவ்வாறு எந்த அடையாளத்தையும் காட்டுவதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் வீசும் புயற்காற்று எழுப்பும் நீண்ட அலைகள், சில நாள்கள் பயணித்து இக்கரையை அடைகின்றன. வானம் தெளிந்திருக்கும், காற்று அமைதியாக இருக்கும், கடல் மட்டும் திடீரெனக் கரையேறும். திருடனைப் போல் சொல்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த இப்பெயரை, 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோ அமைப்பும் ஏற்றுக்கொண்டது.

2024ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, பூவாறு, புல்லுவிளை, அடிமலைத்துறை உள்ளிட்ட திருவனந்தபுரம் மாவட்டக் கடலோரப் பகுதிகளில் கடல்நீர் ஊருக்குள் புகுந்தது. அதே ஆண்டு மே 6ஆம் தேதி, குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். கேரளம் மற்றும் தென் தமிழகக் கரைகளுக்கு ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்த நாள்களில்தான் இத்துயரம் நிகழ்ந்தது.

கண்ணால் பார்த்து அறிய முடியாத ஓர் ஆபத்துக்கு, எச்சரிக்கைச் செய்தி ஒன்றே பாதுகாப்பு. அச்செய்தி ஒலி வடிவில் மட்டும் வருமானால், செவித்திறன் குறைந்தோர் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் செவித்திறன் குறைபாடு உள்ளோர் எண்ணிக்கை 50 லட்சத்து 71 ஆயிரம். முதுமையால் சிறிது சிறிதாகக் கேட்கும் திறனை இழப்போரில் பலர், தம்மை மாற்றுத்திறனாளி என்று கருதுவதே இல்லை. உலக அளவில் 43 கோடி பேருக்குச் செவித்திறன் தொடர்பான மறுவாழ்வுச் சேவை தேவைப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆண்ட்ராய்டு கைபேசியில் இயக்குவது எப்படி?

2023ஆம் ஆண்டு வெளியான ஆண்ட்ராய்டு 14 பதிப்பு முதல், ஒளி அறிவிப்பு வசதி இயங்குதளத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது.

முதலில் 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து 'அக்சசிபிலிட்டி' என்பதைத் தேர்வு செய்யவும். கைபேசி தமிழில் இயங்கினால் இவை 'அமைப்புகள்', 'அணுகல்தன்மை' என்று தோன்றும். அதனுள் 'ஃபிளாஷ் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்ற பிரிவு இருக்கும். அங்கு இரண்டு பொத்தான்கள் உள்ளன. ஒன்று கேமரா விளக்கை மின்னச் செய்வது. மற்றொன்று திரையையே ஒளிரச் செய்வது. திரை எந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்பதையும் தேர்வு செய்துகொள்ளலாம். 'பிரிவ்யூ' பொத்தானை அழுத்தினால், ஒளி எவ்வாறு தோன்றும் என்பதை உடனே பார்க்கலாம்.

இரண்டையும் சேர்த்து இயக்குவதே நல்லது. கேமரா விளக்கு கைபேசியின் பின்புறத்தில் இருப்பதால், மேசை மீது திரை மேல்நோக்கி வைக்கப்பட்டால் விளக்கின் ஒளி மறைந்துவிடும். கவிழ்த்து வைத்தால் திரையின் ஒளி மறையும். இரண்டும் இயங்கினால் எப்படி வைத்தாலும் ஏதேனும் ஒன்று கண்ணில் படும்.

சாம்சங் கைபேசிகளில் 'அக்சசிபிலிட்டி' பகுதிக்குள் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' என்பதைத் திறந்தால் 'ஃபிளாஷ் நோட்டிஃபிகேஷன்' கிடைக்கும். சற்றுப் பழைய மாடல்களில் இது செவித்திறன் சார்ந்த பிரிவில் இருக்கும். ஷாவ்மி, ரெட்மி போன்ற கைபேசிகள் பலவற்றில் அழைப்புக்கான ஒளி வசதி, தொலைபேசிச் செயலியின் அமைப்புகளில், உள்வரும் அழைப்புகள் தொடர்பான பிரிவில் வைக்கப்பட்டுள்ளது. இவ்வகை வசதி அழைப்புக்கு மட்டுமே மின்னும் என்பதையும், குறுஞ்செய்திக்கும் அலாரத்துக்கும் மின்னாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் பெயரும் இடமும் மாறுவதால், எளிய வழி ஒன்று உண்டு. 'செட்டிங்ஸ்' பக்கத்தின் மேற்பகுதியில் உள்ள தேடல் கட்டத்தில் 'ஃபிளாஷ்' என்ற சொல்லை, கைபேசி எந்த மொழியில் இயங்குகிறதோ அந்த மொழியில் தட்டச்சு செய்தால், தொடர்புடைய அமைப்பு நேரடியாகத் தோன்றும்.

ஐபோனில் செய்ய வேண்டியது

ஐபோனில் 'செட்டிங்ஸ்', 'அக்சசிபிலிட்டி', 'ஆடியோ அண்ட் விஷுவல்' என்ற வரிசையில் சென்றால், அலர்ட்டுகளுக்கு ஃபிளாஷ் என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அதை இயக்கியவுடன் அதன் கீழே கூடுதல் தேர்வுகள் தோன்றும். கைபேசி திறந்திருக்கும்போதும் மின்ன வேண்டுமா, ஒலி அணைக்கப்பட்ட சைலன்ட் நிலையிலும் மின்ன வேண்டுமா என்பவை அத்தேர்வுகள். செவித்திறன் குறைந்தோர் இரண்டையும் இயக்கி வைப்பது அவசியம். சைலன்ட் நிலைக்கான பொத்தான் அணைந்திருந்தால், கைபேசியின் பக்கவாட்டு விசை தவறுதலாக நகர்ந்தாலே ஒளியும் நின்றுவிடும். ஒலி இல்லாததை அவர் உணர வாய்ப்பில்லை என்பதால், ஒளி நின்றுபோனதும் அவருக்குத் தெரியாமலே போகும்.

சுற்றுப்புற ஒலிகளையும் அறியலாம்

கைபேசிக்கு வரும் அழைப்பு ஒன்று. கைபேசிக்கு வெளியே, வீட்டிலும் தெருவிலும் எழும் ஒலி மற்றொன்று. கதவு தட்டப்படுவது, குழந்தை அழுவது, குழாயில் நீர் ஓடுவது, நாய் குரைப்பது, சைரன் முழங்குவது ஆகியவற்றை மைக்ரோபோன் மூலம் கேட்டு, இன்ன ஒலி என்று அடையாளம் கண்டு தெரிவிக்கும் வசதியும் கைபேசிகளில் வந்துவிட்டது.

ஐபோனில் 2020ஆம் ஆண்டு ஐ.ஓ.எஸ். 14 பதிப்புடன் 'சவுண்ட் ரெகக்னிஷன்' என்ற பெயரில் இது அறிமுகமானது. அதே ஆண்டு கூகுள் நிறுவனம் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு 'சவுண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்' வசதியை வெளியிட்டது. ஒலியை அறிந்ததும் இது திரையில் அறிவிப்பைக் காட்டி, கைபேசியை அதிரச் செய்து, கேமரா விளக்கையும் மின்னச் செய்யும். ஒலியைப் பகுத்தறியும் பணி கைபேசிக்குள்ளேயே நடைபெறுவதால் இணைய இணைப்பு தேவையில்லை.

ஆனால், உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய சூழலிலும் அவசர நிலையிலும் இந்த வசதியை நம்பியிருக்கக் கூடாது என்று ஆப்பிள் நிறுவனமே எச்சரிக்கிறது. மழையும் காற்றும் இரையும் இரவில், தொலைவில் முழங்கும் சைரனை ஒரு சிறிய மைக்ரோபோன் பிரித்தறியும் என்று எதிர்பார்க்க இயலாது. இது அன்றாட வாழ்வுக்கான துணை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கலாகாது.

அரசின் எச்சரிக்கை எவ்வாறு வருகிறது?

ஆபத்துக் காலங்களில் அரசு அனுப்பும் எச்சரிக்கை, வழக்கமான குறுஞ்செய்தி அல்ல. 'செல் பிராட்காஸ்ட்' எனப்படும் முறையில், குறிப்பிட்ட பகுதியில் உள்ள கைபேசிக் கோபுரங்கள் வானொலி ஒலிபரப்பைப் போல ஒரே நேரத்தில் அச்செய்தியைப் பரப்புகின்றன. கைபேசி எண் தேவையில்லை. இணையம் தேவையில்லை. லட்சக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் சென்றாலும் நெரிசல் ஏற்படாது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தொலைத்தொடர்புத் துறையும் 2023ஆம் ஆண்டில் நாடெங்கும் இதன் சோதனையை நடத்தின. கேரளத்தில் அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் தேதி கைபேசிகள் ஒருசேர ஒலித்து அதிர்ந்ததைப் பலர் நினைவில் வைத்திருக்கக் கூடும்.

இச்செய்தி திரை முழுவதும் தோன்றி, உரத்த ஒலியுடனும் அதிர்வுடனும் வரும். ஆண்ட்ராய்டு கைபேசியில் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' என்பதைத் திறந்து, 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்' என்பதைத் தேர்வு செய்தால் இதற்கான பொத்தான்களைக் காணலாம். எச்சரிக்கைகளை அனுமதிக்கும் பொத்தானும், அதிர்வுக்கான பொத்தானும் இயக்கத்தில் இருக்கின்றனவா என்று ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. சோதனையின்போது எழுந்த பேரொலியைக் கேட்டு அஞ்சி, இப்பொத்தான்களை அணைத்துவிட்ட வீடுகளும் இருக்கலாம். ஐபோனில், 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பக்கத்தின் அடிப்பகுதியில் அரசு எச்சரிக்கைகளுக்கான பிரிவு உள்ளது.

எல்லைப்புறத்துக்கே உரிய நுட்பம் ஒன்றும் இதில் உண்டு. செல் பிராட்காஸ்ட் செய்தி, சிம் அட்டை எந்த மாநிலத்தில் வாங்கப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் கைபேசி எந்தக் கோபுரத்துடன் இணைந்திருக்கிறதோ, அந்தக் கோபுரத்தின் செய்தியே வந்து சேரும். பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடைப்பட்ட வீடுகளில் இரு மாநிலக் கோபுரங்களின் அலைவரிசையும் கிடைப்பது இயல்பு. எனவே வேறு மாநிலத்தின் பெயரால் வந்த எச்சரிக்கை நமக்குரியதல்ல என்று தள்ளிவிடலாகாது. கடலுக்கு மாநில எல்லை கிடையாது.

கேரள அரசு தன் பங்குக்கு 'கவசம்' என்ற பெயரில் பேரிடர் எச்சரிக்கை அமைப்பை உருவாக்கியுள்ளது. சைரனும், மின்னி ஒளிரும் விளக்கும் இணைந்த 126 அலகுகளை மாநிலமெங்கும் நிறுவும் வகையில் திட்டமிடப்பட்ட இதனை, 2025ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி அப்போதைய முதலமைச்சர் பினராயி விஜயன் தொடங்கிவைத்தார். ஒலியுடன் ஒளியையும் சேர்த்தது, செவித்திறன் குறைந்தோரை நினைவில் கொண்டு பார்க்கையில் சரியான திசையில் எடுத்து வைக்கப்பட்ட அடி. எனினும், கோபுரத்தின் உச்சியில் மின்னும் விளக்கு, சாளரத்தை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் உறங்குபவரின் கண்ணில் படாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது கையருகே இருக்கும் கருவியே.

உறங்குபவரை ஒளி எழுப்புமா?

இங்குதான் கைபேசி விளக்கின் எல்லை தெரிகிறது. மூடிய இமைகளைக் கடந்து ஒரு சிறிய விளக்கின் ஒளி உறக்கத்தைக் கலைப்பது அரிது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், செவித்திறன் குறைந்த பெரியவர்களை உறக்கத்திலிருந்து எழுப்புவது எது என்று ஆராய்ந்து 2007ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். தீ எச்சரிக்கைக்கான மின்னொளி மட்டும் பயன்படுத்தப்பட்டபோது, மிகக் குறைந்த ஒளி அளவில் 27 விழுக்காட்டினரே விழித்தனர். படுக்கையையோ தலையணையையோ அதிரச் செய்யும் கருவி, ஏறத்தாழ ஐவரில் நால்வரை எழுப்பியது. சிறிதளவு கேட்கும் திறன் எஞ்சியுள்ளோரைப் பொறுத்தவரை, கீச்சென்ற ஒலியைவிடத் தாழ்ந்த சுருதியில் எழும் 520 ஹெர்ட்ஸ் ஒலி மிகச் சிறப்பாகப் பலனளித்தது.

அந்த ஆய்வில் பயன்பட்டவை சுவரில் பொருத்தும் ஆற்றல் மிக்க விளக்குகள். கைபேசியின் விளக்கு அவற்றைவிட மிகச் சிறியது. எனவே இரவு நேரத்துக்குக் கீழ்க்காணும் ஏற்பாடுகள் தேவை.

முதலாவது, அதிர்வு. கைபேசியில் அதிர்வின் அளவை உச்சத்தில் வைத்து, தலையணைக்கு அருகில் மரப்பலகை போன்ற கடினமான பரப்பின்மீது வைக்கலாம். தலையணைக்கு அடியில் வைத்து அழுத்துவதும், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் நிலையில் துணிக்கு அடியில் வைப்பதும் கூடாது. கைபேசி சூடேறி விபத்து நேர வாய்ப்புண்டு. கைபேசியுடன் இணைந்து மணிக்கட்டில் அதிரும் கைப்பட்டை அல்லது ஸ்மார்ட் கடிகாரம் இதற்குப் பாதுகாப்பான வழி.

இரண்டாவது, மணியோசையின் தேர்வு. முதுமையால் வரும் செவித்திறன் இழப்பில் உச்ச சுருதி ஒலிகளே முதலில் கேட்காமல் போகின்றன. கைபேசியுடன் வரும் மணியோசைகளில் பல, கிண்கிணி போன்ற உச்ச சுருதியில் அமைந்தவை. அவற்றை நீக்கிவிட்டு, தாழ்ந்து முழங்கும் ஓசையைத் தேர்வு செய்தால், ஒலியின் அளவைக் கூட்டாமலே பலருக்குக் கேட்கத் தொடங்கும். ஒளி வசதியை இயக்கித் தரும் பிள்ளைகள் மணியோசையையும் இவ்வாறு மாற்றித் தரலாம்.

மூன்றாவது, மனிதர். எந்தக் கருவியும் தவறக்கூடும் என்பதால், எச்சரிக்கை வந்தால் நேரில் வந்து எழுப்புவதற்கென அண்டை வீட்டில் ஒருவரை முன்கூட்டியே பேசி வைப்பது அவசியம்.

பொதுவாக நேரும் தடைகள்

ஒளி வசதியை இயக்கிய பிறகும் அது பயனற்றுப் போகும் சூழல்கள் சில உள்ளன.

திரையையும் சேர்த்து மூடும் மடிப்பு உறைகள் ஒளியை மறைத்துவிடும். 'டூ நாட் டிஸ்டர்ப்' எனப்படும் தொந்தரவு தவிர்க்கும் நிலை இயங்கினால், ஒலியோடு ஒளியும் தடைபடக்கூடும். குடும்பத்தினரின் எண்களை அந்நிலையிலும் அனுமதிக்கப்பட்டவை என்று சேர்த்துவிட வேண்டும். பேட்டரி மிகக் குறைந்தால், பல கைபேசிகள் கேமரா விளக்கை இயங்கவிடுவதில்லை. எனவே மழைக்காலத்தில் மாலைக்குள் கைபேசியை முழுமையாகச் சார்ஜ் செய்து வைப்பது நல்லது. ஒக்கி புயலின்போது குமரி மாவட்டத்தின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை என்பதை இக்கரையினர் மறந்திருக்க மாட்டார்கள்.

மற்றொரு தடை, அளவுக்கு மீறிய அறிவிப்புகள். வாட்ஸ்அப் குழுக்களில் காலை வணக்கம் தொடங்கி இரவு வரை வரும் ஒவ்வொரு செய்திக்கும் விளக்கு மின்னினால், 'புலி வருது, புலி வருது' கதையாகிவிடும். நாளடைவில் கண் அதைப் பொருட்படுத்தாது. ஆகவே தேவையற்ற செயலிகளின் அறிவிப்புகளையும், குழுக்களின் அறிவிப்புகளையும் முடக்கிவிட்டு, அழைப்பு, குறுஞ்செய்தி, குடும்பத்தினரின் செய்தி, அலாரம் ஆகியவற்றுக்கு மட்டும் ஒளி மின்னும்படி செய்வதே பயனுள்ளது.

எச்சரிக்கை தேவைப்படும் இரண்டு விஷயங்கள்

மின்னும் ஒளி எல்லோருக்கும் உகந்ததல்ல. வலிப்பு நோய் உள்ளோரில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினருக்கு, விட்டுவிட்டு ஒளிரும் வெளிச்சமே வலிப்பைத் தூண்டக்கூடும். 1997ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொலைக்காட்சித் தொடரின் மின்னொளிக் காட்சியைப் பார்த்த 600க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறார்கள், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒரு நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் உள்ளடக்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது இணையதளங்களுக்கான உலகளாவிய அணுகல் நெறிமுறை. வலிப்பு நோயோ கடும் ஒற்றைத் தலைவலியோ உள்ளவர் வீட்டில் இருந்தால், மருத்துவரின் ஆலோசனை பெற்ற பின்னரே இவ்வசதியை இயக்க வேண்டும். அத்தகையோருக்கு அதிர்வே பொருத்தமானது.

இரண்டாவது, செயலிகள். பழைய கைபேசியில் இவ்வசதி இல்லாதபோது, செயலிக் கடையில் ஒளி அறிவிப்பு என்ற பெயரில் கிடைக்கும் ஏதேனும் ஒரு செயலியைப் பதிவிறக்கம் செய்வோர் உண்டு. அத்தகைய செயலி, எப்போது மின்ன வேண்டும் என்பதை அறிய, கைபேசிக்கு வரும் அறிவிப்புகள் அனைத்தையும் படிக்கும் அனுமதியைக் கேட்கும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணும் அந்த அறிவிப்புகளில் ஒன்றுதான். எனவே, முதலில் கைபேசியிலேயே உள்ள வசதியைத் தேட வேண்டும். அது இல்லையெனில், தொலைபேசிச் செயலியின் அமைப்புகளைப் பார்க்க வேண்டும். முன்பின் அறியாத நிறுவனத்தின் செயலிக்கு அந்த அனுமதியை வழங்குவது, வீட்டுச் சாவியைத் தெருவில் வைப்பதற்கு ஒப்பாகும்.

ஒளி மின்னிய பிறகு?

ஏதோ வந்திருக்கிறது என்பதை மட்டுமே ஒளி சொல்லும். என்ன வந்திருக்கிறது என்பதைப் படித்துத்தான் அறிய வேண்டும். எல்லைக் கிராமங்களில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தோருக்கு மலையாளத்தில் வரும் எச்சரிக்கை எட்டாமல் போகலாம். திரையில் தோன்றும் செய்தியைப் படமாகப் பிடித்து, 'கூகுள் லென்ஸ்' அல்லது 'கூகுள் டிரான்ஸ்லேட்' செயலியில் காட்டினால் தமிழில் பெயர்த்துத் தரும். பொருள் முழுமையாகப் புரியாவிட்டாலும், திரை முழுவதும் தோன்றும் செய்தியை மூடிவிடும் முன் அருகில் இருப்பவரிடம் காட்ட வேண்டும் என்பதை மூத்தோருக்குச் சொல்லி வைப்பது நல்லது.

ஒருவர் நேரில் வந்து பேசுவதைப் புரிந்துகொள்ளவும் வழி உண்டு. அமெரிக்காவில் செவித்திறன் குறைந்தோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்துடன் இணைந்து கூகுள் உருவாக்கி, 2019ஆம் ஆண்டு வெளியிட்ட 'லைவ் டிரான்ஸ்கிரைப்' செயலி, பேச்சை உடனுக்குடன் எழுத்தாகத் திரையில் காட்டும். தமிழும் மலையாளமும் அதில் உள்ளன. இரண்டு மொழிகளைத் தேர்ந்தெடுத்து வைத்து, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். இரு மொழியும் புழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளுக்கு இது மிகவும் ஏற்றது.

சட்டம் சொல்வது என்ன?

செவித்திறன் குறைந்தோரை எச்சரிப்பது அவரவர் கைபேசியின் பொறுப்பு மட்டும் அன்று. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 8ஆவது பிரிவு, இயற்கைச் சீற்றங்களின்போது மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு வழங்கப்பட வேண்டும் என்று கூறுகிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தன் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் பராமரித்து, ஆபத்து நேரும் சூழலை அவர்களுக்குத் தெரிவிக்க உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதும் அப்பிரிவின் ஆணை. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, வாழும் உரிமையின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் தேதி தீர்ப்பளித்துள்ளது.

அந்தப் பதிவேட்டில் பெயர் இடம்பெற வேண்டுமானால், குடும்பத்தினரும் முன்வர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையைப் பெறுவதுடன், வார்டு உறுப்பினர், ஆஷா பணியாளர், குடும்பஸ்ரீ அயல்கூட்டக் குழு ஆகியோரிடம், இன்ன வீட்டில் காது கேளாதவர் இருக்கிறார் என்ற தகவலைத் தெரிவித்து வைக்கலாம். ஒலிபெருக்கி கட்டிய வாகனம் கடந்து செல்லும் தெருவில், அந்த ஒரு வீட்டின் கதவைத் தட்டி உள்ளே செல்ல வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருப்பது உயிரைக் காக்கும். செவித்திறன் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் திருவனந்தபுரம் ஆக்குளத்தில் 1997ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தை அணுகலாம்.

பத்து நிமிடச் சோதனை

அமைப்புகளை மாற்றியதும் அவை வேலை செய்கின்றனவா என்று சோதிக்காமல் விடுவது, அவற்றை இயக்காமல் விடுவதற்குச் சமம். கீழ்க்காணும் சோதனையை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

1. கைபேசியை வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, மற்றொரு எண்ணிலிருந்து அழைக்கவும். அறையின் எந்த மூலையிலிருந்து ஒளி தெரிகிறது, எங்கிருந்து தெரியவில்லை என்று பார்க்கவும்.

2. குறுஞ்செய்தி ஒன்றும் வாட்ஸ்அப் செய்தி ஒன்றும் அனுப்பி, இரண்டுக்கும் மின்னுகிறதா என்று பார்க்கவும்.

3. கைபேசியைக் கவிழ்த்து வைத்தும், உறைக்குள் வைத்தும், சைலன்ட் நிலையில் வைத்தும் மீண்டும் சோதிக்கவும்.

4. இரவில் அவர் உறங்கிய பிறகு, முன்கூட்டியே அவரிடம் சொல்லி வைத்த ஒரு நாளில், அழைத்துப் பார்க்கவும். விழிக்கவில்லை என்றால், ஒளி போதவில்லை என்று பொருள். அதிர்வுக் கருவியும் அண்டை வீட்டாரின் துணையும் தேவை.

5. இயங்குதளப் புதுப்பிப்பு வந்த பிறகும், கைபேசியை மாற்றும்போதும் இதே சோதனையை மீண்டும் செய்யவும்.

செவித்திறன் குறைந்த மூத்தோர் பலரின் கைபேசி, பிள்ளைகளோ பேரக்குழந்தைகளோ வாங்கித் தந்ததாகவே இருக்கும். அதில் எந்த வசதி எங்கே இருக்கிறது என்பதை அவர்களே தேடிக் கண்டறிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. விடுமுறைக்கு ஊர் வரும் பிள்ளைகள் இந்தச் சோதனையை அவருடன் அமர்ந்து செய்வதும், ஆண்டுதோறும் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன்னரும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரும் அதனை மீண்டும் செய்து பார்ப்பதும் பயன் தரும்.